ஜெபத்தின் நடுவே ஒரு கண்

சனிக்கிழமை மதியம். நகரம் சுற்றிப்பார்க்க வந்த சபை நண்பர்கள் ஹோட்டல் மேசையைச் சுற்றிக் கண்மூடித் தலைகுனிந்திருக்கிறார்கள். போதகரின் ஜெபம் நீண்டுகொண்டே போகிறது. ஜன்னல் வெயில் தண்ணீர் டம்ளர்களில் நடுங்குகிறது. "வழக்கம்போல ரெண்டு டீதானே சார், ஒண்ணு சர்க்கரை இல்லாம?" என்று சர்வர் கிசுகிசுப்பது கேட்டு, சபையில் கீபோர்டு வாசிப்பவரின் மனைவி ஒரு கண்ணை லேசாகத் திறக்கிறாள். 'இந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை' என்று வேனில் வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்த அவள் கணவரின் கண்கள் எதிரே திறந்துதான் இருக்கின்றன. மேசை விளிம்பில் அவர் விரல் மட்டும் சர்வரிடம் 'வேண்டாம்' என்று ஆடுகிறது. அவள் சட்டென்று கண்ணை மூடிக்கொள்கிறாள். ஜெபம் முடிகையில் அவளுடைய ஆமென்தான் உரக்கக் கேட்கிறது. "உனக்கு என்ன சொல்லட்டும்?" என்கிறார் கணவர். எப்போதும் சர்க்கரை தூக்கலாகக் குடிப்பவள், மேசைத்துணியின் சுருக்கத்தை நீவிவிட்டபடி சொல்கிறாள்: "டீ. சர்க்கரை இல்லாம."