கொஞ்சம் சிவப்பு

தபால் நிலைய எழுத்தர் செண்பகவல்லி, விடுமுறையில் மலையில் எடுத்த வண்டுப் படத்தை நிபுணர் குழுவுக்கு அனுப்பினாள். ‘பயிரைத் தின்னும் சிவப்பு இனம்’ என்று அவர்கள் பதிந்த பத்தாவது நிமிடம், ட்ரோன்கள் அந்த மலை முழுக்க மருந்தடித்தன.

நான்காம் நாள் குழுவிலிருந்து இருதயராஜ் அழைத்தார்.

“செத்துக் கிடக்கறதெல்லாம் பழுப்பா இருக்கும்மா. உங்க படத்துல சிவப்பா இருந்துச்சே?”

“எடுப்பா இருக்கட்டுமேன்னு நான்தான் சார் கொஞ்சம் கலர் கூட்டினேன்.”

“இது பயிரைத் தொடாத வண்டும்மா. இதுக்கு முன்னாடி யாரும் பார்த்ததில்லை. முறைப்படி உங்க பேரைத்தான் வைக்கணும்.”

“வேற எங்கயாச்சும் இருக்குமா சார்?”

“தேடிப் பார்த்துட்டோம்மா.”

அடுத்த மாதம் சான்றிதழ் வந்தது. அவள் பெயருக்கு மேலே அந்தச் சிவப்பு வண்டையே அச்சடித்திருந்தார்கள். உயிரோடு எடுத்த படம் அது ஒன்றுதான் இருந்தது.