தண்ணீர் கேட்காத பேட்டரி

பச்சை விளக்கு எரிவதற்குள் அவர் சுவிட்சை அணைத்தார்.

சார்ஜருக்குள் ஓடிக்கொண்டிருந்த சின்ன விசிறியின் சத்தம் நின்றது. கூடத்தில் மனைவியின் சக்கர நாற்காலி. உள் அறைக் கட்டிலில் அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். மதியத் தூக்கம்.

பொறாமைதான். அதற்கு வேறு பெயர் கிடையாது.

அவளுக்குக் கால் விளங்காமல் போன நாளிலிருந்து பழைய நாற்காலியைத் தள்ளியது அவர்தான். ஆஸ்பத்திரிக்கு, கோயிலுக்கு, கல்யாண வீட்டுக்கு. கண்ணெதிரே எப்போதும் அவள் கொண்டையும் பின்னங்கழுத்தும். இப்படி ஒரு புருஷன் யாருக்கு வாய்க்கும் என்று தெருவே சொன்னது. கேட்கக் கேட்க அவருக்கு இனித்தது.

பிறகு மகள் இந்த நாற்காலியை வாங்கி அனுப்பினாள். அடியில் இரண்டு கறுப்பு பேட்டரிகள். கைப்பிடியில் ஒரு குட்டித் தடி. விரலால் சாய்த்தால் போதும், போகும்.

முதல் நாள் தெருமுனை வரை போய் வந்தாள். மறுநாள் பிலோமினாவின் தையல் கடை. அங்கே நாலு பெண்கள் பட்டன் தைத்துக்கொண்டு ஊர்க்கதை பேசுவார்கள். அவள் சிரித்த சிரிப்பு வீட்டு வாசல் வரை கேட்டது.

அவர் பின்னால் நிற்கும்போது அவள் அப்படிச் சிரித்ததே இல்லை.

சக்களத்தி வந்த வீட்டில் பெண்கள் படுகிற பாடு அவருக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

பேட்டரியையாவது தன் வசம் வைத்துக்கொள்ளலாம் என்று பார்த்தார். வேலையில் இருந்த காலமெல்லாம் ரயில் பெட்டிகளின் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றியவர். மூடியைத் திருகி, எட்டிப் பார்த்து, குறைந்ததை நிரப்பி வளர்த்தவர். இது அந்தச் சாதி இல்லை. வாயை அடைத்தே செய்திருந்தார்கள். தண்ணீர் கேட்காது. அவரையும் கேட்காது.

ஓடி வந்ததும் பச்சை விளக்கு எரியும்வரை முழுசாகச் சார்ஜ் போட வேண்டும். காலியாக வைக்கக் கூடாது. அதற்கு வேண்டியது அவ்வளவுதான். ஆனால் சுவிட்ச் போர்டு அவர் தோள் உயரத்தில் இருந்தது. நாற்காலியிலிருந்து அவளுக்கு எட்டாது.

வளர்க்கத் தெரிந்தவருக்குக் கெடுக்கவும் தெரியும்.

கொஞ்சம் கொடுப்பார். மீதியை நிறுத்திவிடுவார். அரைப் பட்டினியில் கிடக்கும் பேட்டரிக்குள் தகடுகளில் வெள்ளையாக உப்புப் படியும். படிந்து இறுகிவிட்டால் பிறகு எவ்வளவு கொடுத்தாலும் ஏற்காது. அவருக்கு இதெல்லாம் மனப்பாடம்.

வேலியே பயிரை மேய்ந்தது.

சந்தை வரை போய்வந்த நாற்காலி மாதா கோயிலோடு திரும்பியது. பிறகு தையல் கடையோடு. அவர் ஒவ்வொரு சாயங்காலமும் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். ஒரு நாள் நடுவழியில் நிற்கும். அவள் கூப்பிடுவாள். போய்த் தள்ளிக்கொண்டு வரலாம்.

நின்றது.

கடையைத் தாண்டி, மேட்டில், நடு ரோட்டில் நின்றது. பின்னால் தண்ணீர் லாரி ஹாரன் அடித்தது.

அவர் ஓடினார். லாரியை அவர் நினைத்துப் பார்த்திருக்கவில்லை. வேட்டி காலைத் தடுக்கியது.

அவர் போய்ச் சேருவதற்குள் பிலோமினாவும் இன்னொருத்தியும் நாற்காலியை ஓரத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். பிலோமினாவின் கழுத்தில் இன்ச் டேப் தொங்கியது.

"ஐயா, உங்களுக்கு மூச்சு வாங்குது. மெதுவா வாங்க, நாங்க வீட்ல கொண்டாந்து விட்டுர்றோம்."

அவர் பின்னால் நடந்தார். அவள் கொண்டையை இரண்டு முதுகுகள் மறைத்துக்கொண்டு போயின. நாற்காலிக் கைப்பிடியைப் பிடித்திருந்த அவள் விரல்கள் மட்டும் தெரிந்தன. அவை வீடு வரும்வரை பிடியை விடவில்லை.

மறுநாள் செத்த பேட்டரிகளைப் பையில் போட்டுக் கடைக்குத் தூக்கிப் போனார். கடைக்காரர் மீட்டர் வைத்துப் பார்த்தார்.

"இவ்ளோ சீக்கிரம் போகாதே சார். சார்ஜ் ஒழுங்கா போட்டீங்களா?"

"வெயில்" என்றார்.

புதிய பேட்டரிகளோடு திரும்பியபோது கூடத்தில் சிமெண்ட் வாசனை. எலெக்ட்ரீஷியன் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தான். சுவிட்ச் போர்டு கீழே இறங்கியிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தபடி கை நீட்டினால் எட்டும் உயரத்தில்.

அவளைப் பழைய நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு பேட்டரிகளை மாட்டினார். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். கோபித்துக்கொண்டாலும் தேவலை என்று இருந்தது.

பிளக்கை அவளே செருகினாள். சுவிட்சை அவளே தட்டினாள்.

விசிறி ஓட ஆரம்பித்தது.

கட்டிலுக்கு அவர்தான் தூக்கிப் போக வேண்டும். தூக்கினார். எப்போதும் போல அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். காதருகே சொன்னாள்.

"அந்தச் சத்தம் நின்னா எனக்கு முழிப்பு வந்துருதுங்க. தினமும்."

கட்டிலில் விட்டதும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அவர் கூடத்துக்கு வந்தார். கை பழைய பழக்கத்தில் தோள் உயரத்துக்குப் போனது. அங்கே பூச்சு இன்னும் காயவில்லை. விரல்கள் பதிந்தன.

பச்சை விளக்கு எரியும்வரை அவர் தரையில் உட்கார்ந்திருந்தார்.