பசுவின் காய்ச்சல்

ஒரு பசுவின் காதுக்குள் இரண்டு உண்ணிகள் குடியிருந்தன. அக்கா உண்ணி ரத்தம் குடித்துக் குடித்து ஆமணக்கு விதை போல உப்பியிருந்தாள். தங்கை உண்ணியின் வயிற்றில் முட்டைகள் இருந்தன.

நாலு நாளாகப் பசுவின் உடம்பு கொதித்தது.

“அக்கா, நம்ம கூட்டம் பெருகினதிலிருந்துதான் இவளுக்கு இந்தச் சூடு. கொஞ்சம் குறைச்சுக் குடிப்போமா? இவளை விட்டா என் பிள்ளைகளுக்கு வேற இடம் ஏது?” என்றாள் தங்கை.

“இவ்வளவு பெரிய உடம்பை இத்துனூண்டு நாம சுட வைக்க முடியுமாடி? உனக்கு ரொம்பத்தான் நினைப்பு. வெயில் காலம், சுடுது. போன கோடையிலும் சுட்டதாம்.”

அக்கா வழக்கம்போல, “தாயே, நீதான் படியளக்கிறே” என்று பசுவைக் கும்பிட்டுவிட்டு வாயை வைத்தாள்.

மறுநாள் மத்தியானம் சூடு இறங்கிவிட்டது. தோல் இதமாக இருந்தது.

“பார்த்தியா? தானா வந்தது, தானா போச்சு” என்றாள் அக்கா.

தங்கைக்கு வெட்கமாகிவிட்டது. அவளும் கும்பிட்டுவிட்டு அக்கா பக்கத்தில் குடிக்க உட்கார்ந்தாள். எவ்வளவு உறிஞ்சியும் ரத்தம் வரவில்லை. ஈக்கள் வந்து மொய்த்தும் காது அசையவில்லை. கொட்டகைக்கு வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அவர்கள் காலடியில் தோல் மட்டும் இன்னும் குளிர்ந்துகொண்டே போனது.