கோணமூக்கனுக்கு ஒரு வாய்ச் சோறு

கோணமூக்கன் இருந்தவரைக்கும் காக்கைக் கூட்டத்தில் சிரிப்புக்குப் பஞ்சமில்லை. எந்த வீட்டு மதிலில் படையல் வைத்தாலும் முதல் ஆளாகப் போய் உட்காருவான். ஆனால் சோற்றைத் தொடமாட்டான், தலையைச் சாய்த்து முறைப்பான். செத்தவருக்குத்தான் ஏதோ கோபம் என்று பயந்து, "உங்க பொண்ணு கல்யாணத்த நாங்க பாத்துக்கிறோம், சாப்பிடுங்க" என்று வீட்டார் கெஞ்சும்வரை விடமாட்டான். வேப்பமரத்தில் அவன் கூட்டாளி நொண்டி சிரித்துச் சிரித்துக் கிளையைவிட்டு நழுவுவான்.

கோணமூக்கன் மின்கம்பியில் கருகி விழுந்த மறுநாளும் மதிலில் சோறு வைத்தார்கள். ஒரு பெண் "கா, கா" என்று தன் புருஷனைக் கூப்பிட்டாள். ஒரு காக்கையும் அசையவில்லை. "என்ன குறை வச்சேன், சொல்லுங்க" என்று அழுதாள்.

"பாவம்டா, நீயாவது போ" என்றது பக்கத்துக் கிளைக் காக்கை.

நொண்டி போனான். கோணமூக்கனைப் போலவே தலையைச் சாய்த்தான். மரத்தில் யாரும் சிரிக்கவில்லை. ஒரு வாய் தின்றான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிம்மதியாக உள்ளே போனாள்.

இன்னொரு வாயைக் கொத்தி வந்து, கோணமூக்கன் வழக்கமாக உட்காரும் கிளையில் வைத்தான் நொண்டி. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, "கா, கா" என்று கூப்பிட்டான்.

பொழுது சாயும்வரை கூப்பிட்டான். எறும்புகள்தான் வந்தன.