நரிப் பெரியப்பா

பெனிலா முன்னால் நடக்க நினைத்தாள். வழி தெரியவில்லை.

குழந்தைக்குத் தெரிந்திருந்தது. ஐந்து வயது ஜெர்லின் சனிக்கிழமைச் சந்தைக்குள் புகுந்து, மீன் கடையையும் பூச்சட்டிகளையும் தாண்டி, சதுக்கத்து மூலையிலிருந்த பழைய தானிய மண்டபத்தின் படிகளில் ஏறினாள். அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே ஏறினாள்.

மாடியில்தான் அந்த ஊர் அருங்காட்சியகம்.

நாகர்கோவிலிலிருந்து இங்கிலாந்துக்கு வந்து பதினான்கு மாதம். அவளுக்கு முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை. சனி, ஞாயிறு தவறாமல் டூட்டி. கணவன் எட்வின் வார நாட்களில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கினான். வார இறுதியில் குழந்தை அவனிடம்.

அவர்கள் போன இடங்களை எல்லாம் அவள் போனில் பார்த்திருக்கிறாள். குட்டி ரயில். வாத்துக் குளம். ஆட்டுப் பண்ணை.

எல்லாப் படத்திலும் குழந்தை சிரித்துக்கொண்டிருப்பாள்.

படம் எடுப்பவனைப் பார்த்து.

இந்தச் சனிக்கிழமையை, உடன் வேலை செய்கிற ஒருத்தியிடம் கெஞ்சி மாற்றி வாங்கியிருந்தாள்.

வாசல் மேசையில் ஒரு வயதான பெண்மணி. குழந்தையைப் பேர் சொல்லி வரவேற்றாள். எட்வினிடம் இருமல் தேவலையா என்று விசாரித்தாள். பிறகு பெனிலா பக்கம் திரும்பி, ஊரைப் பார்க்க வந்திருக்கிறீர்களா, எத்தனை நாள் தங்குவீர்கள் என்று அன்பாகக் கேட்டாள்.

எட்வின் அவசரமாகத் திருத்தினான். குழந்தையின் அம்மா இவள்.

பெண்மணி மன்னிப்புக் கேட்டாள். ஒருமுறை கேட்டிருந்தால் போதும். மூன்று முறை கேட்டாள்.

அவனுக்கு இருமல் இருந்ததே பெனிலாவுக்குத் தெரியாது.

முதல் அறையில் பழங்காலத்துப் பிள்ளைகளின் உடுப்புகள் தொங்கின. வருகிற குழந்தைகள் போட்டுப் பார்க்கலாம். ஜெர்லின் ஒரு வெள்ளைத் தொப்பியை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டாள். பெனிலா மண்டியிட்டு அதன் நாடாவைக் கட்டப் போனாள்.

குழந்தை தாடையைத் திருப்பிக்கொண்டாள். அப்பா கட்டட்டும் என்றாள்.

அவன் கட்டினான். இரண்டு விரலில், சின்ன முடிச்சாக, ஒரு பக்கம் தள்ளி. பல தடவை கட்டிய கை.

நன்றாகத்தான் கட்டினான். அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது.

அடுத்த அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு செந்நிற நரி. பாடம் செய்யப்பட்டது. ஒரு கால் தூக்கியபடி நின்றது.

ஜெர்லின் ஓடிப்போய் கண்ணாடியில் காதை வைத்தாள்.

"பெரியப்பா, நேத்து எங்க போனீங்க?"

எட்வினும் குனிந்து மறுபக்கம் காதை வைத்தான். இருவரும் மூச்சை அடக்கிக் கேட்டார்கள். மீன் கடைக்குப் போனாராம், என்றாள் குழந்தை. அங்கே பூனையோடு சண்டையாம். கடைக்காரர் வருவதற்குள் திரும்பிவிட்டாராம். எட்வின் தலையாட்டினான். காலில் அடிபட்டதா என்று கேட்கச் சொன்னான். குழந்தை கேட்டாள். பதில் வந்தது போலும். இருவரும் சிரித்தார்கள்.

பெட்டிக்கு நான்கு பக்கம். அவளும் நிற்கலாம்.

யாரும் கூப்பிடவில்லை.

"அது செத்த நரிம்மா," என்றாள் அவள். "உள்ள பஞ்சுதான் அடைச்சிருக்கு."

தன் குரல் தனக்கே கேட்டது. முதியோர் இல்லத்தில் பேசுகிற குரல்.

ஜெர்லின் காதை எடுத்தாள். கண்ணாடியில் மூச்சுப் பட்ட இடம் மெல்ல மறைந்தது. பிறகு அவள் சத்தமில்லாமல் ஜன்னலோரம் போய் நின்றுகொண்டாள்.

எட்வின் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம்.

"அவளுக்கும் அது தெரியும், பெனிலா," என்றான் தணிந்த குரலில். "இங்க வந்த புதுசுல ஸ்கூல்ல ஒரு பிள்ளையும் இவகூடப் பேசல்ல. அப்பம் இவளா உண்டாக்கின கதை. நான் சும்மா கேட்டுட்டு நிப்பேன்."

அவள் நரியைப் பார்த்தாள்.

அவன் கட்டிய கதை என்று நினைத்துத்தான் உடைத்தாள்.

ஜன்னலுக்குப் போய்க் குழந்தையின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். கதை கட்ட அவளுக்கு வராது. நடந்ததைத்தான் சொல்லத் தெரியும்.

"போன செவ்வாய்க்கிழமை," என்றாள், "விடியக்காலம் நான் பஸ்ஸுக்கு நின்னேன்லா. அப்பம் ரோட்டைக் கடந்து ஒரு நரி வந்துச்சு."

குழந்தை திரும்பவில்லை.

"என் பக்கத்துல வந்து நின்னுச்சு. நானும் அசையல்ல, அதுவும் அசையல்ல. பஸ் வர்றவரைக்கும் ரெண்டுபேரும் நின்னோம்."

நிஜமாக நடந்ததுதான். அன்று அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. ராத்திரி வீடு திரும்பியபோது அப்பாவும் பிள்ளையும் ஒரே போர்வைக்குள் தூங்கிப் போயிருந்தார்கள்.

"வால் நுனி வெள்ளையா?"

அவளுக்கு நினைவில்லை. கண்ணாடிப் பெட்டியை எட்டிப் பார்க்கலாம். பார்க்கவில்லை.

"வெள்ளைதான்."

ஜெர்லின் ஒரு கணம் அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு, அவள் கை நீட்டுவதற்குள், அப்பாவை நோக்கி ஓடினாள். அவன் சட்டையைப் பிடித்து இழுத்து, காதருகே வாயை வைத்து, படபடவென்று சொல்லத் தொடங்கினாள்.

அவள் தரையிலேயே உட்கார்ந்திருந்தாள்.

எட்வின் இன்னும் கொஞ்சம் குனிந்தான். புருவம் உயர்ந்தது.

அவனுக்குத் தெரியாத கதை அது.