மெட்டில்லாத வசனம்

தன் ஆறு மாதப் பிள்ளையை அவள் கையில் திணித்துவிட்டு எமிமாள் படியேறிப் போய்விட்டாள்.

“எக்கா, பாட்டு முடியுத வரைக்கும் வச்சுக்கிடுங்க. உங்ககிட்டன்னா அழ மாட்டான்.”

சரி என்று சொல்லக்கூட இடம் கொடுக்கவில்லை.

பாடகர் குழுவின் வெள்ளை அங்கிகளுக்கு நடுவே, முன்வரிசையில், ஓரிடம் காலியாக இருந்தது. போன வருட லெந்து தவக்காலம் வரை அது அவளுடைய இடம். எமிமாள் அங்கே போய் நின்றாள். அங்கி வேறு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.

அவள் கல்தூணில் சாய்ந்துகொண்டாள்.

பாடகர் குழுவை நடத்தும் துரைசிங் சார் ஆர்கனைத் தொட்டார்.

பைபிளின் நூற்று முப்பத்தேழாம் சங்கீதம்.

பாபிலோனுக்குச் சிறைபிடித்துப் போனவர்கள் ஆற்றங்கரையில் உட்கார்ந்து அழுகிறார்கள். பிடித்துப் போனவன், உங்கள் ஊர்ப் பாட்டு ஒன்று பாடுங்கள் என்கிறான். அவர்கள் பாடாமல், மீட்டும் கின்னரங்களை மரத்தில் மாட்டிவிடுகிறார்கள்.

பாட மாட்டோம் என்று சொன்ன பாட்டு. அதைத்தான் உலகம் விடாமல் பாடியது. லத்தீனில் பாடினார்கள். நான்கு குரலில் பாடினார்கள். டிரம்ஸ் அடித்து, ஆடிக்கொண்டும் பாடினார்கள். துரைசிங் சார் நாதநாமக்கிரியை ராகத்தில் மெட்டுப் போட்டார். இருபது வருடமாக இந்தக் கோயிலில் அதை அவள் பாடினாள்.

அவள் பாடினால் பின்வரிசைக் கிழவர்கள் கைக்குட்டையைத் தேடுவார்கள். பாளையங்கோட்டையில் இப்படி ஒரு தொண்டை கிடையாது என்பார்கள். அதே வாய்கள்தான் இந்த வருடம், சின்னவளுக்கும் ஒரு வாய்ப்புக் கொடுப்போமே என்றன.

சின்னவள் பாடத் தொடங்கினாள்.

சுதி விலகட்டும் என்று அவள் காத்திருந்தாள். ஆண்டவர் சந்நிதியில் நின்றுகொண்டு, எமிமாளின் பிள்ளையையே தோளில் போட்டுக்கொண்டு.

விலகவில்லை.

எருசலேமை மறந்தால் என் வலதுகை தன் தொழிலை மறக்கட்டும் என்று ஓர் இடம் வரும். நீண்ட இழுப்பு. அதில் அவளுக்கு எப்போதும் மூச்சு போதாது. யாருக்கும் தெரியாமல் நடுவில் ஒரு மூச்சு திருடிக்கொள்வாள்.

எமிமாள் திருடவில்லை. ஒரே மூச்சில் மேலே போனாள். போன இடத்தில் சற்று நின்றும் காட்டினாள்.

பின்வரிசையில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள்.



இனிமேல் தன்னை யாரும் கூப்பிடப் போவதில்லை. அடுத்த வருடமும் இல்லை. அதற்கடுத்த வருடமும் இல்லை.

பிள்ளை அவள் சங்கிலியைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டது.

பாட்டு எங்கே நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். எல்லா மெட்டும் கிட்டத்தட்ட அங்கேதான் நிற்கும். சங்கீதம் அங்கே நிற்காது. இன்னும் சில வசனங்கள் உண்டு. அழுதவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சபிக்கிற வசனங்கள். கடைசி வசனத்தில், பகைவனின் குழந்தைகளைப் பிடித்துக் கல்லில் மோதுகிறவன் பாக்கியவான் என்று வரும்.

அதை ஏன் பாடுவதில்லை என்று முதல் வருடம் கேட்டிருந்தாள்.

“அதுக்கு மெட்டு கிடையாதும்மா,” என்றார் சார்.

எமிமாளின் குரல் இறங்கி வந்து, எப்போதும் நிற்கிற இடத்தில் நின்றது. ஆர்கன் மட்டும் மெல்லத் தொடர்ந்தது.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அவளுக்குள் பாட்டு நிற்கவில்லை.

அதே ராகம். அதே சுதி. ஒவ்வொரு வசனமாகக் கடந்து கடைசி வசனம் வரை போயிற்று.

சொல்லுக்குச் சொல் பொருந்தியது.

அவள் கண்ணைத் திறந்தாள். பிள்ளையின் தலை தூணுக்கு நாலு விரல் தள்ளி இருந்தது.

தூணை விட்டு விலகினாள். இரண்டடி வைத்தபிறகு கீழே பார்த்தாள். தரையும் கல்தான்.

சபையே பார்க்க நடுவழியில் நடந்து, முன்னால் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு விரித்திருந்த ஜமுக்காளத்தில் போய் உட்கார்ந்தாள். பிள்ளையை மடியில் கிடத்தினாள். தலைக்குக் கீழே உள்ளங்கையை வைத்தாள்.

“பாத்தியா, கிட்டக்க போய் உக்காந்து கேக்கா,” என்றாள் முன்பெஞ்சில் ஒருத்தி. “என்ன ஒரு மனசு!”

எமிமாள் அங்கியோடு ஓடி வந்து குனிந்தாள். முகமெல்லாம் வேர்வை.

“அழுதானாக்கா?”

“இல்ல.” அவள் எமிமாளை நிமிர்ந்து பார்த்தாள். “நல்லா பாடுன. பிள்ளைய வாங்கிக்க.”

எமிமாள் இரண்டு கையாலும் பிள்ளையை அள்ளினாள்.

அதன் தலைக்குக் கீழே இருந்த கையை அவள் கடைசியில்தான் எடுத்தாள்.