விசையில் தேங்காய் எண்ணெய்

"அண்ணை, உங்கட துவக்கு மணக்குது" என்றான் எட்வேட்.

குசினியில் இடியப்பம் பிழிந்துகொண்டிருந்த யோகமலருக்கும் அது கேட்டது. எட்டிப் பார்த்தாள்.

சாப்பாட்டு மேசையில் பழைய பேப்பர் விரித்து, அவள் புருசன் இரத்தினவேலின் வேட்டைத் துவக்கைக் கழற்றிப் பரப்பியிருந்தார்கள். உள்ளே குண்டு இல்லை என்று இரண்டு பேரும் இரண்டு தரம் பார்த்தாயிற்று.

மான் வேட்டைக்குப் புறப்பட இன்னும் மூன்று நாள்தான் இருந்தது. நாலு வருசமாக ஒரே கதை. மான் வந்து முன்னால் நிற்கும், இரத்தினவேல் விசையை இழுப்பார், விசை அசையாது. மான் சாவகாசமாக நடந்து போய்விடும்.

"இந்த வரியமும் இப்பிடியெண்டால் உங்களுக்குப் பதிலா அன்புராசாவைக் கூட்டிக்கொண்டு போவமெண்டு பெடியள் சொல்லுறாங்கள்" என்று எட்வேட் போன கிழமை சொல்லியிருந்தான். அன்றிலிருந்து மனுசனுக்குச் சோறு இறங்கவில்லை. வருசம் முழுக்கப் பேக்கரியில் மாவோடு மாரடிக்கிறவருக்கு அந்த ஐந்து நாள் காட்டுக் கபினும், கடதாசிச் சீட்டு விளையாட்டும், ஆட்டிறைச்சிக் கறியும்தான் உலகம்.

எட்வேட் அந்த வேட்டைக் கூட்டத்துக்குத் தலைவன். அவன் சொல்லும் வேட்டைக் கதைகளைக் கேட்டால் ஒண்டாரியோவில் ஒரு மானும் மிஞ்சியிருக்காது என்றுதான் நினைக்க வேண்டும்.

அவன் பஞ்சுக்குச்சியால் விசையின் இடுக்கைத் துடைத்து மூக்கருகே கொண்டுபோனான்.

"தேங்காய் எண்ணெய். இந்தக் குளிருக்கு உது மெழுகு மாதிரி உறைஞ்சிடும். பிறகு விசை எப்பிடி அசையும்? விசை காய்ஞ்சு இருக்கோணும், கிளீனர் அடிச்சுத் துடைச்சால் காணும் எண்டு எத்தினை தரம் சொன்னனான்?"

"நான் ஏன் அதுக்குள்ள எண்ணெய் விடுறன்?" என்றார் இரத்தினவேல்.

எட்வேட்டின் கண் மெல்லக் குசினிப் பக்கம் திரும்பியது.

சந்தேகம் அவளில் விழ நியாயமும் இருந்தது. ஒவ்வொரு வருசமும் 'வாயில்லாச் சீவன், அந்தப் பாவம் சும்மா விடாது' என்று வாசல்வரை வந்து அர்ச்சனை செய்து அனுப்புகிறவள் அவள்தானே.

"அக்கா, பகிடிக்கும் ஒரு அளவிருக்கு. மனுசன் அங்க நாலு பேருக்கு முன்னால தலை குனிஞ்சு நிண்டவர்."

யோகமலர் புருசனைப் பார்த்தாள். 'அவள் அப்பிடிச் செய்யமாட்டாள்' என்று ஒரு சொல் வரும் என்று காத்திருந்தாள். இரத்தினவேலோ ஒரு ஆணியை எடுத்து, ஏற்கெனவே துடைத்த அதையே திரும்பவும் துடைத்துக்கொண்டிருந்தார்.

எட்வேட் விசையைத் துடைத்து, காயவிட்டு, எல்லாவற்றையும் பூட்டிக் கொடுத்தான். "வெளிக்கிடுற அண்டைக்குக் காலமை வந்து நானே பாப்பன்" என்று அவளுக்குக் கேட்கும்படியாகவே சொல்லிவிட்டுப் போனான்.

கதவு சாத்தியதும் அவள் வந்து நின்றாள்.

"துவக்கு இரும்புப் பெட்டிக்குள்ள. சாவி உங்கட கழுத்தில. நான் என்ன, பேயாய்ப் போயோ எண்ணெய் விட்டனான்?"

இரத்தினவேல் கழுத்துச் சாவியைச் சட்டைக்குள் தள்ளினார்.

"நான்தான் விடுறனான்."

"என்ன?"

"முதல் வரியம் ஒரு மான் வந்து நிண்டு, என்ர முகத்தைப் பாத்துக் காதை ஆட்டிச்சுது. என்னால ஏலாது, மலர். சுடமாட்டன் எண்டால், பிறகேன் வாறாய் எண்டு கேப்பாங்கள். விசை இறுகிப்போச்செண்டால் பகிடி பண்ணிப்போட்டு விட்டிடுவாங்கள்."

"அதுக்குப் பழியை என்ர தலையிலயோ போடுறது?"

"பிழைதான். நீர் என்ன பேசினாலும் தகும்."

யோகமலருக்கு ஆத்திரமும் வந்தது, சிரிப்பும் வந்தது. இரண்டில் எதை முதலில் காட்டுவதென்று தெரியாமல் போனை எடுத்தாள். இரத்தினவேலின் முகம் வெளுத்துவிட்டது.

"எட்வேட், நான்தான் ஊத்தினனான். அவர் குளிக்கேக்க சாவியை எடுத்தனான். நீங்கள் வந்து துடைச்சாலும் திரும்ப ஊத்துவன். ஆனால் அவரில ஒரு பிழையும் இல்லை. அவரைக் கழிச்சுப் போடாதேங்கோ."

மறுபக்கம் எங்கோ ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. எட்வேட்டின் குரல் இரகசியமாக வந்தது.

"அக்கா, என்ர மனிசிக்குச் சொல்லிப்போடாதேங்கோ. இத்தினை வரியமும் நான் சுட்டது முழுக்க மரத்துக்குத்தான். அந்த எண்ணெயில கொஞ்சம் என்ர துவக்குக்கும் தருவீங்களோ?"